பார்க்கின்சனோடு சீனியும் பிரஷரும்: அப்பாவுக்கு எதை முதலில் பார்ப்பது?

வெல்லாவெளிப் பக்கத்தில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 72 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். சீனி வருத்தம் இருபது வருடத்துக்குக் கிட்ட. பிரஷர் அதற்குப் பிறகு வந்தது. பார்க்கின்சன் என்று சொல்லி ஐந்து வருடம். புரஸ்டேற் வீக்கமும் உண்டு. நரம்பியல் கிளினிக் மட்டக்களப்பில், சீனிக்கும் பிரஷருக்கும் கிளினிக் களுவாஞ்சிகுடியில். இந்த மாதம் காலையில் எழும்பிப் பாத்ரூம் போகும்போது இரண்டு தரம் விழுந்துவிட்டார். தலைச்சுத்துக்கும் சத்திக்கும் ஒரு தனியார் இடத்தில் காட்ட, இன்னும் இரண்டு குளிசை கூடியது. அதற்குப் பிறகு நடை இன்னும் மோசம். "பார்க்கின்சன் முற்றிவிட்டதா? எந்த வருத்தத்தை முதலில் பார்க்க வேண்டும்? இங்கிலிஷ் மருந்தை விட்டுவிட்டுப் பூனைக்காலி விதைத் தூள் குடுக்கச் சொல்லி மாமா நிற்கிறார், குடுக்கலாமா?" என்பதுதான் கேள்வி. குளிசைப் பட்டியலையும் எழுதியிருக்கிறார்: பார்க்கின்சனுக்கு லெவோடோபா கார்பிடோபா மூன்று நேரம் சாப்பாட்டோடு, சீனிக்கு மெற்போமின், கிளிக்லசைட், பிரஷருக்கு லொசாட்டன், பிரசோசின், அதோடு இரும்புச்சத்துக் குளிசை. புதிதாகச் சேர்ந்தவை சினரிசினும் மெற்றோகுளோபிரமைட்டும்.

நான் வைத்தியர் இல்லை, தங்கச்சி. அரச வைத்தியசாலை மருந்தகத்தில் காலம் முழுக்க வேலை செய்து ஓய்வு பெற்ற மருந்தாளர். ஆகவே கீழே நான் எழுதுவதை வைத்து நீங்களாக ஒரு குளிசையையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். அடுத்த முறை டொக்டருக்கு முன்னால் இருக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு புதுக் குளிசைகளைப் பற்றி மட்டும் கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே கேளுங்கள்.

எதை முதலில் பார்ப்பது என்பதற்கு என் பதில்: விழுகிறதைப் பாருங்கள். பார்க்கின்சன் என்றால் எல்லோருடைய கண்ணும் கை நடுக்கத்துக்குத்தான் போகும். நடுக்கம் பார்க்கக் கஷ்டம், சபையில் கூச்சம், ஆனால் ஆளைக் கட்டிலில் போடுவது அது இல்லை. இடுப்பெலும்பு முறிவு போடும், தலையில் அடிபடுவது போடும். 72 வயதில் சீனியும் உள்ள ஒருவர் ஒரு முறிவுக்குப் பிறகு பழையபடி நடப்பது மிகவும் கஷ்டம். உங்கள் அப்பா விழுவதற்குப் பார்க்கின்சன் மட்டும் காரணம் என்று எனக்குப் படவில்லை. அந்தப் பட்டியலிலேயே காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது அந்தப் புதுக் குளிசைகள். பார்க்கின்சன் என்பது மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்ல அழிவதால் வருவது. அறிகுறி வெளியே தெரியும்போதே அந்தக் கலங்களில் பாதிக்கு மேல் போயிருக்கும். லெவோடோபா குளிசை மூளைக்குள் போய் டோபமினாக மாறி அந்தக் குறையை நிரப்புகிறது. சத்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோபிரமைட் மூளையில் அதே டோபமின் வேலை செய்யும் இடத்தையே அடைக்கிறது. தலைச்சுத்துக்குக் கொடுக்கும் சினரிசினுக்கும் அதே குணம் உண்டு. ஸ்ரெமெற்றில் என்ற பெயரில் வரும் புரோகுளோபெரசினும் இந்தக் கூட்டம்தான். பார்க்கின்சனே இல்லாத ஆளுக்குக்கூட இவற்றை நாள்கணக்கில் கொடுத்தால் நடை குறுகி, முகம் இறுகி, கை நடுங்கத் தொடங்கும். இருக்கிற ஆளுக்கு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் டோபமினைக் கொடுத்து, மறுபக்கம் அதை வேலை செய்யவிடாமல் தடுக்கிறோம். "அதற்குப் பிறகு நடை இன்னும் மோசம்" என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும் எனக்கு முதலில் வந்த சந்தேகம் இதுதான்.

எழுதிக்கொடுத்தவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. சத்தியும் தலைச்சுத்தும் என்று ஒருவர் போனால், அவருக்குப் பார்க்கின்சன் இருக்கிறது என்று யாரும் சொல்லாவிட்டால், இவைதான் வழக்கமாக எழுதும் மருந்து. சத்திக்கு இவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பது டொம்பெரிடோன். அது மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை. ஆனால் இருதய வருத்தம் உள்ளவர்களுக்கு அதையும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும், ஈசிஜி பார்த்திருந்தால் நல்லது. இதையும் பாமசியில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

இதில் இருந்து ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குப் புதிதாக ஏதும் வந்தால், திடீரென்று விறைப்புக் கூடினால், தடுமாறினால், இரவில் இல்லாத ஆட்களைக் கண்டு பேசினால், "வருத்தம் முற்றிவிட்டது" என்ற முடிவுக்கு உடனே போக வேண்டாம். பார்க்கின்சன் ஒரு கிழமைக்குள் முற்றுவதில்லை. அது வருடக்கணக்கில் நகரும் வருத்தம். ஒரு கிழமைக்குள் ஆள் மாறினால் மருந்து ஒன்று மாறியிருக்கும், அல்லது சலத்தில் கிருமி, சளி, மலச்சிக்கல், உடம்பில் நீர் காய்ந்தது, இப்படி ஏதோ ஒன்று இருக்கும். பெரும்பாலும் திருத்தக்கூடிய ஒன்று.

இரண்டாவது, எழும்பும்போது பிரஷர் விழுவது. இது உங்கள் அப்பாவுக்கு நான்கு பக்கத்தால் வரலாம். பார்க்கின்சன், இரத்தக் குழாய்களைச் சுருக்கி விரிக்கும் நரம்புகளையும் தாக்கும். நாள்பட்ட சீனியும் அதே நரம்புகளைத் தாக்கும். லெவோடோபா தானும் பிரஷரைக் கொஞ்சம் இறக்கும். நான்காவது, பிரஷருக்கென்றே கொடுக்கும் மருந்துகள், அதிலும் பிரசோசின். எங்கள் நாட்டில் பிரஷருக்கும் புரஸ்டேற்றுக்கும் சேர்த்துப் பிரசோசின் எழுதுவது மிகவும் வழக்கம். நல்ல மருந்துதான், ஆனால் நிற்கும்போது பிரஷரைப் பிடித்து இழுத்துவிடும். ஐந்து வருடத்துக்கு முன் பிரஷர் கூடியிருந்தபோது சரியாக இருந்த அளவு, பார்க்கின்சன் வந்து உடம்பு மெலிந்த இன்றைய அப்பாவுக்குக் கூடுதலாக இருக்கலாம். கிளினிக்கில் கதிரையில் இருத்தித்தான் பிரஷர் பார்ப்பார்கள். அங்கே 140 காட்டும், "மருந்தைத் தொடருங்கள்" என்று கொப்பியில் எழுதுவார்கள். பாத்ரூம் வாசலில் அது என்னவாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

அதை நீங்கள் வீட்டில் பார்க்கலாம். பிரஷர் மெஷின் இல்லாவிட்டால் ஊரில் யாரிடமாவது கேட்டு ஒரு கிழமைக்கு வாங்குங்கள். காலையில் அப்பா எழும்ப முன், ஐந்து நிமிடம் படுத்திருக்க, ஒரு முறை பாருங்கள். பிறகு அவரைப் பிடித்துக்கொண்டு எழுப்பி நிற்க வைத்து, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். நிற்கும்போது ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தலை சுற்றுகிறது என்றால் உடனே இருத்திவிடுங்கள், இலக்கம் பிறகு பார்க்கலாம். மேல் இலக்கம் 20 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் இலக்கம் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதுதான் பிரச்சினை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தும் ஒரு நாள் பாருங்கள். நிறையச் சோறு சாப்பிட்டதும் இரத்தம் குடல் பக்கம் போக, இவர்களுக்குப் பிரஷர் இறங்கி, கதிரையில் இருந்தபடியே மயங்குவதும் உண்டு. "சாப்பிட்டதும் அப்பா தூங்கி வழிகிறார்" என்று வீட்டில் சொல்லும் சில தூக்கங்கள் தூக்கமே இல்லை.

ஒரு கிழமை எழுதிய இந்த இலக்கங்களைக் காட்டினால் டொக்டர் பிரசோசினைப் பற்றியும் லொசாட்டன் நேரத்தைப் பற்றியும் உங்களோடு வேறுவிதமாகக் கதைப்பார். சிலருக்குப் படுத்திருக்கும்போது பிரஷர் கூடியும் நிற்கும்போது விழுந்தும் இருக்கும். அது சிக்கலான நிலை. அங்கே கணக்குப் போட வேண்டியது டொக்டர்தான்.

அதுவரை செய்யக்கூடியவை உண்டு. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். தலையணை அடுக்குவது இதற்கு உதவாது, முழுக் கட்டிலும் சாய்ந்திருக்க வேண்டும். இரவில் சலம் போகும் தரமும் இதனால் குறையும், காலைத் தலைச்சுத்தும் குறையும். காலையில் எழும்ப முன் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு இருந்து, இரண்டு கிளாஸ் தண்ணி குடித்து, பத்து நிமிடம் பொறுத்து எழும்பட்டும். இருதயமோ சிறுநீரகமோ பலவீனம் என்று தண்ணி அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் இதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இராவுக்குச் சலப் போத்தல் ஒன்றைக் கட்டிலருகே வையுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், வெயில் கொதிக்கும் நாட்களில், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணி கொடுங்கள். உப்பைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். பிரஷர் வருத்தம் உள்ள ஆளுக்கு அதை வீட்டில் முடிவெடுக்கக் கூடாது.

மூன்றாவது, சீனி இறங்குவது. சீனி கூடுவதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். எனக்கு உங்கள் அப்பாவைப் பற்றி மற்றப் பயம். கிளிக்லசைட் சாப்பாடு பிந்தினாலும் தன் வேலையைச் செய்யும். பார்க்கின்சன் வந்தவர்கள் மெலிவார்கள், பசி குறையும், மணம் தெரியாததால் சாப்பாட்டில் ருசி இருக்காது, ஒரு கோப்பை சோற்றைச் சாப்பிட முக்கால் மணித்தியாலம் எடுத்துப் பாதியில் போதும் என்பார்கள். உடம்பும் சாப்பாடும் குறைந்த பிறகும் பழைய அளவுக் குளிசையோ இன்சுலினோ போனால் சீனி இறங்கும். சீனி இறங்கினால் என்ன வரும்? நடுக்கம், வியர்வை, தடுமாற்றம், தலைச்சுத்து, குழப்பம். எல்லாவற்றையும் வீட்டில் பார்க்கின்சன் கணக்கில் எழுதிவிடுவோம். இருதயத்துக்கு அற்றெனொலோல் மாதிரி மருந்தும் போகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்து வியர்வை மட்டும் தெரியலாம்.

அதனால் அப்பா "ஒரு மாதிரி" இருக்கும்போதெல்லாம் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழ் என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்த்து, பிறகு சாப்பாடு கொடுங்கள். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம், 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். இப்படி ஒரு தரம் நடந்தாலும் தேதி, நேரம், இலக்கம் எழுதி வைத்துக் காட்டுங்கள். இந்த வயதில், இத்தனை வருத்தத்தோடு இருப்பவருக்கு எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, 7க்குள் வர வேண்டும் என்று யாரும் பிடிவாதம் பிடிப்பதில்லை. 8க்குள் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். "அப்பா மெலிந்துவிட்டார், இந்த அளவு இன்னும் வேண்டுமா?" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். ஐந்து நிமிடம் பார்க்கும் டொக்டருக்குப் போன வருடத்து நிறை ஞாபகம் இராது.

மெற்போமின் பற்றியும் ஒன்று. வருடக்கணக்கில் போட்டால் விற்றமின் பி12 குறையும். லெவோடோபாவும் அதே திசையில் கொஞ்சம் இழுக்கும். பி12 குறைந்தால் பாதம் மரத்து, நடை தள்ளாடும். சீனியாலும் பாதம் மரக்கும். பாதத்தில் நிலம் தெரியாத ஆளுக்குப் பார்க்கின்சனும் சேர்ந்தால் இருட்டில் ஒரு அடி வைப்பதே ஆபத்து. பி12 இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். குறைவென்றால் திருத்துவது சுலபம்.

இனி லெவோடோபா. இதை விரித்துத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் மருந்து சரியாக இருந்தும் நேரம் பிழைத்து வேலை செய்யாமல் போவது நான் அதிகம் கண்ட விடயம்.

லெவோடோபா குடலில் உள்ளே போவதும் மூளைக்குள் போவதும் புரதச்சத்து போகும் அதே வாசலால். மீன், இறைச்சி, முட்டை, பருப்பு, பால், தயிர் எல்லாம் செரித்து அமினோ அமிலமாக அந்த வாசலில் நெருக்கியடிக்கும்போது மருந்து வெளியே நிற்கும். உங்கள் அப்பா குளிசையைச் சாப்பாட்டோடு போடுகிறார். மத்தியானம் சோறும் மீன் குழம்பும் பருப்பும் கடைசியில் எருமைத் தயிரும். காலையில் பால் தேத்தண்ணியோடு குளிசை. பகல் குளிசை "பிடிக்கவில்லை" என்று அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பிடிக்காமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன், அல்லது சாப்பிட்டு ஒன்றரை மணித்தியாலம் போல் கழித்து, வெறும் தண்ணியோடு போடுவது நல்லது. உதாரணத்துக்கு, காலை 6 மணிக்குக் கட்டிலில் இருந்தபடியே அந்தத் தண்ணியோடு லெவோடோபா. 6.45க்குக் காலைச் சாப்பாடு, அதோடு கிளிக்லசைட்டும் மெற்போமினும். பகல் 12க்கு லெவோடோபா, 12.45க்குச் சோறு. மாலை 6க்கு லெவோடோபா, ஏழு மணிக்கு இராச்சாப்பாடு. இரும்புச்சத்துக் குளிசை லெவோடோபாவைப் பிடித்துக் கட்டிவிடும், ஆகவே குறைந்தது இரண்டு மணித்தியாலம் தள்ளி, படுக்கப் போகும்போது. சீனிக் குளிசை மட்டும் சாப்பாட்டை விட்டு நகரக் கூடாது. லெவோடோபாவை முன்னுக்கு எடுக்கிறேன் என்று எல்லாக் குளிசையையும் சேர்த்து வெறுவயிற்றில் கொடுத்துவிடாதீர்கள், அது சீனியைக் கவிழ்த்துவிடும். இந்த நேர அட்டவணையையும் டொக்டரிடம் காட்டிய பிறகு தொடங்குங்கள்.

வெறுவயிற்றில் போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது என்பார்கள் சிலர். ஒன்றிரண்டு கிறாக்கர் பிஸ்கட், அல்லது ஒரு சின்னத் துண்டுப் பாணோடு கொடுங்கள். அதில் புரதம் கொஞ்சம்தான். முதல் மாதங்களில் வரும் புரட்டல் பெரும்பாலும் பிறகு அடங்கும்.

இதைக் கேட்டுவிட்டு மீனையே நிறுத்திய வீடுகள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏற்கெனவே மெலியும் உடம்பில் தசையும் கரைந்தால் எழும்பி நிற்கவே பெலன் இராது. புரதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சோற்றால் நிரப்பினால் சீனியும் ஏறும். குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி விட்டால் பெரும்பாலானவர்களுக்கு அது போதும். இடைவெளி விட்டும் பகலில் மருந்து பிடிக்காவிட்டால், மீனையும் முட்டையையும் இராச்சாப்பாட்டுக்கு நகர்த்திப் பார்க்கலாம், அதுவும் டொக்டருடன் பேசி.

நேரம் என்றால் நேரம்தான். பிரஷர் குளிசை ஒரு மணித்தியாலம் பிந்தினால் ஆள் உணரமாட்டார். லெவோடோபா பிந்தினால் கதிரையில் இருந்து எழும்ப முடியாமல் போகும். கைப்பேசியில் அலாரம் வையுங்கள், அம்மாவின் கைப்பேசியிலும்.

குளிசைப் பெட்டியையும் ஒவ்வொரு முறையும் வாசியுங்கள். சின்டோபா, சினமெற் என்று பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே இரண்டு மருந்து இருக்கிறது, அளவு பல விதம். 110 என்று இருப்பதில் லெவோடோபா 100, கார்பிடோபா 10 மில்லிகிராம். 275 என்று இருப்பதில் 250, 25. 100க்கு 25 என்றும் ஒன்று வருகிறது. ஒன்று கிடைக்காமல் இன்னொன்று தந்தால் அரைக் குளிசையா முழுக் குளிசையா என்பதே மாறிவிடும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இப்படி மாறி மாறி வாங்கியவர்கள் நிறையப் பேர். பெட்டியில் சிஆர் என்று இருந்தால் அது மெல்ல மெல்லக் கரையும் வகை. அதை இடித்துத் தூளாக்கிக் கொடுக்கக் கூடாது.

மாமா சொன்ன பூனைக்காலி பற்றி. அவர் சொல்வதில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. எங்கள் வைத்திய முறைகள் அந்த விதையை வெகுகாலமாக அறியும். ஆனால் அதுவே நான் பயப்படுவதற்கும் காரணம். எந்த விதையில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளந்து தருவதில்லை, ஒரு தூளுக்கும் மற்றத் தூளுக்கும் வித்தியாசம். குளிசையில் கார்பிடோபாவும் இருப்பதால்தான் மருந்து வழியிலேயே வீணாகாமல் மூளைக்குப் போகிறது, சத்தியும் குறைகிறது. தூளில் அது இல்லை. குளிசையோடு தூளையும் கொடுத்தால் லெவோடோபா அளவு மீறி, பிரஷர் இன்னும் விழும், ஆள் தன்னையறியாமல் நெளியத் தொடங்குவார், இல்லாததைக் காண்பார். குளிசையைத் திடீரென்று நிறுத்திவிட்டுத் தூளுக்குப் போவது அதைவிட ஆபத்து. லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்தினால் கடுங்காய்ச்சல், உடம்பு கட்டை மாதிரி விறைப்பு, நினைவு தடுமாற்றம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சித்த வைத்தியரிடம் போக விருப்பம் என்றால் தாராளமாகப் போங்கள், குளிசைப் பட்டியலை அவரிடமும் காட்டுங்கள், அவர் தந்ததை நரம்பியல் கிளினிக்கிலும் சொல்லுங்கள். மறைப்பதுதான் கெடுதல்.

மலச்சிக்கலைச் சின்ன விடயம் என்று விடவேண்டாம். வயிறு அசையாவிட்டால் மருந்து குடலுக்கே போய்ச் சேராது. தண்ணி, கீரை, பப்பாசி, நடை, போதாவிட்டால் டொக்டர் தரும் பாணி. சலம் எரிவது, நாற்றம், காய்ச்சல் என்றால் அன்றே காட்டுங்கள். பென்செக்சோல் என்ற நடுக்கக் குளிசையை யாராவது சேர்த்தால், புரஸ்டேற் இருக்கிறது என்று சொல்லுங்கள், அது சலத்தை அடைத்துவிடும், வயதானவர்களைக் குழப்பியும் விடும். பாமசியில் சளிக்கு வாங்கும் பிரிற்றனும் அதே குணம் கொஞ்சம் உள்ளது. மூட்டு நோவுக்கு டைக்குளோபெனக் வாங்கிப் போடவேண்டாம், சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் இரத்தத்தில் கூடினால் மெற்போமினும், சில பார்க்கின்சன் மருந்துகளும் அளவு குறைக்க வேண்டி வரும்.

நடையைப் பற்றி. வாசல் நிலையடியில் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார்கள். அப்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, இழுத்தால் உடம்பு வரும், கால் வராது, விழுவார். மூளையில் தானாக நடக்கும் வழி தடைப்பட்டாலும், கண்ணுக்குத் தெரியும் கோடு, காதுக்குக் கேட்கும் தாளம் வேறு வழியால் காலை எழுப்பும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார், எனக்குத் தெரிந்தவர், அறை வாசலில் இப்படி நின்றுவிடுவார். பேரப்பிள்ளை மத்தளம் தட்டுவது மாதிரிக் கதவில் தட்டி "ததிங்கிணதோம்" என்று தாளக்கட்டைச் சொன்னால், அவர் வாய்க்குள் அதை வாங்கிக்கொண்டு, வலது காலை நன்றாகத் தூக்கி நிலையைத் தாண்டி நேராக நடப்பார். உங்கள் அப்பா ஆசிரியர், "ஒன்று, இரண்டு" என்று எண்ணிப் பார்க்கட்டும். சீமெந்துத் தரையில் வாசலுக்கு முன்னால் ஓர் அடி இடைவெளியில் சோக்கால் கோடு போடுங்கள், கோட்டைத் தாண்டச் சொல்லுங்கள். திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல் வட்டமாக நடந்து திரும்பட்டும். சாரத்தை முழங்காலுக்குக் கீழே இழுபடாமல் உயர்த்திக் கட்டுங்கள், இன்னும் நல்லது அரைக்காற்சட்டை. இறப்பர்ச் செருப்பு வேண்டாம், குதிகாலில் வார் உள்ளது வேண்டும். சீனி இருப்பதால் வெறுங்காலும் வேண்டாம், இராவில் பாதத்தைப் பாருங்கள். கிணற்றடியில் குளிப்பதை நிறுத்தி, ஒரு கதிரையில் இருந்து குளிக்க ஒழுங்கு செய்யுங்கள். பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பெரிய அடியாக வைத்து நடக்கப் பழக்குவார்கள்.

அம்மா "அவர் இப்ப எல்லாத்துக்கும் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறார்" என்று மனம் நோவதாக எழுதியிருந்தீர்கள். அப்பா கோபமாக இல்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். முகத்துத் தசைகளும் விறைக்கும், சிரிக்க நினைத்தாலும் சிரிப்பு முகத்துக்கு வராது, குரலும் தணிந்துவிடும். உள்ளே மனுசன் அப்படியே இருக்கிறார். அதே நேரம், மனச்சோர்வும் இந்த வருத்தத்தின் ஒரு பாகம். உண்மையாகவே ஒன்றிலும் பிடிப்பில்லாமல் அழுகிறார் என்றால் அதற்கும் மருந்து உண்டு, சொல்லுங்கள். அம்மாவுக்கும் சீனி என்கிறீர்கள். அப்பாவின் கிளினிக்குக்குப் போய்ப் போய்த் தன் கிளினிக்கைத் தவறவிட்டிருப்பார், கேட்டுப் பாருங்கள். இராத்திரி எழும்புவதைப் பிள்ளைகள் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வாசிக்கும் காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பக்கத்து உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. லெவோடோபாவும் சீனிக் குளிசையும் போடுகிறவர் நோன்பு பிடிக்க விரும்பினால் ரமழானுக்கு ஒரு மாதம் முன்னரே டொக்டரிடம் கதையுங்கள். பகல் முழுக்க லெவோடோபா இல்லாமல் இருப்பது பலருக்கு முடியாது. கந்தசஷ்டி, கௌரி விரதம் பிடிப்பவர்களுக்கும் இதுவேதான்.

கடைசியாக ஒரு தாள். ஒரே தாளில், ஆங்கிலத்தில், எல்லாக் குளிசையும், மில்லிகிராமும், நேரமும், எந்தக் கிளினிக் தந்தது என்பதும். அம்பாறைக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினாலும் வாசிக்க முடியும். தாளின் தலையில் பெரிய எழுத்தில் பார்க்கின்சன் நோயாளி என்றும், மெற்றோகுளோபிரமைட், புரோகுளோபெரசின், ஹலோபெரிடோல் கொடுக்க வேண்டாம் என்றும் எழுதி, அதை டொக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு கிளினிக் கொப்பிக்குள்ளும் ஒவ்வொரு பிரதி, உங்கள் கைப்பேசியில் ஒரு படம்.

வாட்டில் மறித்தால் லெவோடோபாவைக் கையோடு கொண்டுபோங்கள். வாட்டில் மருந்து கொடுக்கும் நேரம் வேறு, அப்பாவின் நேரம் வேறு. தாதியிடம் முதல் நாளே பணிவாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் கேட்பார்கள். சத்திரசிகிச்சைக்கு வெறுவயிறு என்றால், ஒரு வாய்த் தண்ணியோடு இந்தக் குளிசையை மட்டும் கொடுக்கலாமா என்று மயக்க மருந்து டொக்டரிடம் கேளுங்கள். இராவில் குழம்பிக் கத்தினால் அமைதிப்படுத்த ஹலோபெரிடோல் மாதிரி ஊசி போடுவார்கள், அதற்கு முன் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

மாரிக்கு முன் ஐப்பசியிலேயே இரண்டு கிழமைக்கு மேலதிகமாக லெவோடோபாவும் சீனிக் குளிசையும் வீட்டில் இருக்கட்டும். 2011 தை மாத வெள்ளத்தில் படுவான்கரை எப்படிக் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியும். குளிசையை நனையாமல் மூடிய போத்தலில், வெயில் படாத உயரத்தில் வையுங்கள். தலையில் அடிபட்டு விழுந்தால், காய்ச்சலோடு விறைத்துக் குழம்பினால், தண்ணி குடிக்கும்போது புரையேறி மூச்சுத் திணறினால், விழுங்கவே முடியாமல் அன்றைய லெவோடோபா தவறிப்போனால், கிளினிக் நாள் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், 1990க்கு அடித்து அந்தத் தாளோடு ஏற்றுங்கள்.